கால் பங்குக் கிணறு

மேலேரிக்குப்பம் காசிநாதனுக்குக் கிணறு கிடையாது என்று அரசாங்கம் கண்டுபிடித்த செய்தி அவருக்குக் கிடைத்தபோது, அவர் தம் கிணற்றின் சுற்றுச்சுவர் மேல்தான் உட்கார்ந்திருந்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கரும்புக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கரைமேட்டுச் சாலம்மாள், கிணற்றுத் தண்ணீர் விழுகிற தொட்டியின் குழாயில் மூன்றாவது குடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காசிநாதனின் மனைவி ராணியம்மாள் வேப்பமர நிழலில் உட்கார்ந்து, தலையணை கனத்துக்கு ஓர் அறிக்கையை மடியில் வைத்துக்கொண்டு விரலால் வரி தேடிக்கொண்டிருந்தாள்.

'கள்ளக்குறிச்சி நகர உயர்வேக வெளிவட்டச் சாலை: சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு' என்று அட்டையில் போட்டிருந்தது. எழுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஊராட்சி அலுவலகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருந்தார்கள். பார்வைக்குத்தான், படிக்கிறதுக்கு இல்லை என்று அங்கே இருந்தவர் சொல்லியிருக்கிறார். ராணியம்மாள் சண்டை பிடித்து ஒரு நாள் கடனாக வாங்கி வந்திருந்தாள்.

"நூத்தி அறுவத்தி மூணாம் பக்கம். உங்க பேரு கீது. நெலம் ஒண்ணரை ஏக்கரு. கெணறு சைபரு."

"எத்தினி?"

"சைபருங்கிறேன்."

காசிநாதன் திரும்பிக் கிணற்றைப் பார்த்தார். நாற்பத்தைந்து அடி ஆழம், அதில் பாதிக்கு மேல் தண்ணீர். அவருடைய முகமே உள்ளே தெரிந்தது. "நல்லா பாரு புள்ள. எதனா அச்சுல வுட்டுப்பூட்டிருப்பான்."

அச்சில் எதுவும் விட்டுப்போகவில்லை. ஆறு வழிச் சாலை. நகரத்துக்குள் நுழையாமல் சேலம் பக்கம் போகிற கார்களுக்கு ஏழு நிமிஷம் மிச்சமாகும் என்று முதல் பக்கத்திலேயே பெருமையாகச் சொல்லியிருந்தார்கள். படத்தில் இருந்த சிவப்புக் கோடு காசிநாதனின் கிணற்றுக்கு நட்ட நடுவே போனது. அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில் மட்டும் ஒரு நல்ல வரி இருந்தது. அறிக்கைகளில் நல்ல வரியெல்லாம் முதல் பத்துப் பக்கத்துக்குள்ளேயே முடிந்துவிடும். 'பயன்பாட்டில் உள்ள நீராதாரம் குறுக்கிட்டால் சாலையின் பாதை மாற்றப்படும்.' அவ்வளவுதான் சட்டம். கிணறு உண்டு என்றால் சாலை விலகிப் போகும். இல்லை என்றால் சாலை கிணற்றின் மேலேயே போகும்.

சாலம்மாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கரைமேடு என்பது ஏரிக்கரையில் உள்ள நாற்பது வீடு. எல்லாம் கரும்பு வெட்டுகிற, களை எடுக்கிற, அன்றாடம் கூலிக்குப் போகிற சனம். ஊராட்சிக் குழாயில் நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும், வெயில் காலத்தில் அதுவும் வராது. அப்போதெல்லாம் நாற்பது வீட்டுக்கும் இந்தத் தொட்டிக் குழாய்தான்.

"கெணறு இல்லேன்னா, நாங்க இத்தினி நாளா இன்னாத்தக் குடிச்சோமாம்?" என்று கேட்டாள்.

அதைக் கேட்கத்தான் காசிநாதன் மறுநாள் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினார்.

சாலைத் திட்டச் சிறப்பு அலகு என்று ஒன்று, ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்தது. அதன் தலைவர் பகலவன். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. கோபப்பட்டிருந்தாலாவது சனங்களுக்குச் சண்டை போட ஒரு சாக்குக் கிடைத்திருக்கும்.

"வாங்க, வாங்க. உங்களுக்காகத்தான் நாங்க இருக்கோம். உக்காருங்க," என்றார். அறையில் இரண்டு நாற்காலி இருந்தது. ஒன்றில் அவர் இருந்தார். இன்னொன்றில் ஆய்வு நிறுவனத்தின் நிபுணர் செழியன், மடிக்கணினியோடு இருந்தார். காசிநாதன் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார்.

செழியன் கணினியைத் தட்டினார். "கிணத்துல உங்க பங்கு எவ்ளோ?"

"நாலுல ஒண்ணுங்க. எங்கப்பாவும் அவருகூடப் பொறந்தவங்க மூணு பேரும் சேந்து வெட்னது. இப்ப நாங்க பங்காளிங்க நாலு பேரு. ஆளுக்கு ரெண்டு நாளு மொற."

"நாலு பேருக்கு ரெண்டு நாள்னா எட்டு நாள் ஆகுதே. வாரத்துக்கு ஏழு நாள்தானே?"

"எங்க கெணத்துக்கு எட்டு நாளுங்க."

செழியன் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. "அப்ப உங்களுக்குக் கால் பங்கு. எங்க சாஃப்ட்வேர்ல கிணறு முழு எண்ணாத்தான் ஏறும். அரையோ அதுக்குக் கம்மியோ இருந்தா சைபர் ஆயிடும். அதான் சைபர்."

"மீதி முக்கா பங்கு இன்னாங்க ஆச்சு?"

"அவங்க மூணு பேருக்கும் ஆளுக்குக் கால்தானே. அவங்களுக்கும் சைபர்."

"அப்ப கெணறு?"

"நாலு சைபரையும் கூட்டிப் பாருங்க," என்றார் செழியன். கிண்டலாகச் சொல்லவில்லை. கூட்டுவதற்குக் கணினியைக்கூடத் திருப்பிக் காட்டினார்.

பகலவன் முன்னால் சாய்ந்தார். "இதுல பாரபட்சம் எதுவும் இல்லைன்னு நீங்க கவனிக்கணும். நாலு பேரையும் சமமா நடத்தியிருக்கோம். ஒருத்தருக்குக் கிணறு குடுத்து இன்னொருத்தருக்கு இல்லேன்னு சொல்லியிருந்தா நீங்க கேக்கலாம்."

"சார், நீங்களே ஒரு நட வந்து பாத்துடுங்க சார். தண்ணி நிக்கிது."

"நான் பார்த்தா அது என் தனிப்பட்ட கருத்தாயிடும். ஆய்வுன்னா அதுல கருத்துக்கு இடம் கிடையாது. உங்க கருத்தைச் சொல்லத்தான் கூட்டம் வெச்சிருக்கோமே, அங்க வந்து சொல்லுங்க."

கருத்துக் கேட்புக் கூட்டம் திருக்கோவிலூரில் நடந்தது. பாதிக்கப்படுகிறவர்கள் பக்கத்தில் இருந்தால் கருத்தில் உணர்ச்சி கலந்துவிடும் என்பதால் அவ்வளவு தள்ளி வைத்ததாக அழைப்பிதழிலேயே இருந்தது. காசிநாதனும் சாலம்மாளும் இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தார்கள். சாலம்மாளுக்கு ஒரு நாள் கூலி போயிற்று. மேடையில் பதினோரு பேர் இருந்தார்கள். மைக்குக்கு முன்னால் ஒரு மணி இருந்தது. ஒருவர் மூன்று நிமிஷத்துக்கு மேல் பேசினால் அடிப்பதற்காம். மேடையில் இருப்பவர்களுக்கு மணி கிடையாது.

முதலில் திருக்கோவிலூர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் எழுந்தார். "முன்னூத்திப் பத்தாம் பக்கத்துல, கடல் ஆமைக்குப் பாதிப்பு இல்லேன்னு போட்டிருக்கீங்க. கள்ளக்குறிச்சியில ஏதுங்க கடலு? வேற ஊரு அறிக்கையை அப்படியே எடுத்துப் போட்டுட்டீங்களா?"

செழியன் மைக்கை வாங்கினார். "கள்ளக்குறிச்சியில கடல் இல்ல. அதனாலதான் ஆமைக்குப் பாதிப்பு இல்ல. எங்க ஆய்வு எவ்வளவு துல்லியம்னு ஐயாவே எடுத்துச் சொல்லிட்டார், நன்றி." முன்வரிசையில் கை தட்டினார்கள்.

அடுத்தவர், நகரத்தின் காற்றை எங்கே அளந்தீர்கள் என்று கேட்டார். கல்வராயன் மலையில், மேகம் அருவிக்குப் பக்கத்தில் அளந்ததாகத் தெரிந்தது. அளக்கிற வண்டி அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் போயிருந்ததாம். இதற்குப் பகலவனே எழுந்து பதில் சொன்னார். "நகரத்துக்குள்ள அளந்தா, அங்க ஏற்கெனவே பஸ் புகையும் லாரிப் புகையும் இருக்கும். அதெல்லாம் நம்ம சாலையோட புகை இல்லையே. அடுத்தவன் புகையை நம்ம கணக்குல எழுதலாமா? நேர்மையா அளக்கணும்னா சுத்தமான இடத்துக்குத்தான் போகணும். சிரமம் பாக்காம மலை ஏறியிருக்கோம்." மறுபடியும் கை தட்டினார்கள்.

காசிநாதனின் முறை வந்தது. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "கெணறு இருக்குதுங்க. சாமி சத்தியமா இருக்குதுங்க. அதுல நுரை தள்ளிக்கினு தண்ணி வருதுங்க, அஞ்சு எச்பி மோட்டாரு போட்டா ரெண்டு மணி நேரம்..." என்று ஆரம்பித்து, எந்த ஆண்டு எத்தனை அடி தூர் எடுத்தார்கள் என்பதற்குள் போய், மணி அடித்தபோது தொண்ணூற்றெட்டாம் வருஷத்தில் இருந்தார்.

"உங்க வேதனை பதிவு செய்யப்பட்டது. வரிசை எண் நாப்பத்தி ஒண்ணு," என்றார் பகலவன்.

சாலம்மாள் அடுத்து மைக்கைப் பிடித்தாள். "எங்க நாப்பது வூட்டுக்கும் அந்தத் தண்ணிதாங்க. அது இல்லேன்னா எங்க கொழந்தைங்க..."

"ஒரு நிமிஷம்மா. கிணத்துல உங்க பங்கு எவ்வளவு?"

"எங்களுக்குப் பங்கு ஏதுங்க? குடிக்கிறோம்."

"பங்கு இல்லாதவங்க பார்வையாளர் வரிசையில உக்காரணும்மா. தப்பா நெனச்சுக்காதீங்க. பங்கு இல்லாதவங்களையும் பேச விட்டா, பங்கு உள்ளவங்களுக்கு நாங்க துரோகம் பண்ணின மாதிரி ஆயிடும்."

கூட்டம் முடிந்ததும் காசிநாதன் ஓடிப்போய்ப் பகலவன் ஏறின காரின் கதவைப் பிடித்துக்கொண்டார். வெட்கமெல்லாம் விட்டுப்போயிருந்தது. "சார், இன்னா செஞ்சா கெணறு இருக்குதுன்னு ஏறும்? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க சார்."

பகலவன் யோசித்தார். நல்ல மனுஷர், சொல்லத்தான் செய்தார். "முழுக் கிணறும் ஒரே ஆள் பேர்ல இருந்தா ஒண்ணுன்னு ஏறும்."

இந்த ஒரு வரியைத் தூக்கிக்கொண்டு காசிநாதன் பங்காளிகள் வீட்டுக்குப் போனார். பெரியப்பா மகன் தெய்வசிகாமணிதான் மூத்தவர். அவர் சொன்னால் மற்ற இருவரும் கேட்பார்கள்.

"முழுக் கெணத்தையும் உன் பேருக்கு எழுதணுமா? ஏண்டா காசி, உனக்கு நல்லாத்தானே கீது ஒடம்பு?"

"அண்ணா, கால்கால்னு இருந்தா சைபருன்றான். சேந்தாதான் ஒண்ணு ஆவுமாம்."

"எவனாவது கெணத்த இப்பிடி எண்ணுவானா? வாய்க்கா தகராறுல ஒரு சாணு வரப்ப வுட்டுக் குடுக்காதவன் நீ. இன்னிக்கு மூணு பங்கக் கேக்க வந்துட்ட."

ஒரு மாதம் இழுத்தார்கள். கடைசியில் ரிஷிவந்தியம் கோயிலில் கற்பூரம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்தால் எழுதித் தருகிறோம் என்றார்கள். காசிநாதன் செய்தார். சாலை விலகிப் போனதும் அவரவர் பங்கை அவரவருக்கே திருப்பி எழுதித் தருவேன், கிணற்றுக்கு என்னால் ஒரு கெடுதலும் வராது என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்தார். தெய்வசிகாமணி அர்த்தநாரீஸ்வரரையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஐயா பாதி, அம்மா பாதி. அந்த ஆபீசருகிட்ட மட்டும் வுட்டா ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு சைபரு போட்டு, இங்க சாமியே இல்லேன்னு எழுதிக்கினு போயிடுவான்," என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பத்திரம் பதிவாயிற்று. காசிநாதன் நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுத்ததற்கு ரசீது, ரசீதுக்கு எண், எண் தொலைந்ததற்கு இன்னொரு மனு என்று மாசி பிறந்துவிட்டது. இந்த அலைச்சலில் ஒரு பாத்திக் கரும்பு காய்ந்தது. இராத் தூக்கம் போயிற்று. ராணியம்மாளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தார். அதற்கப்புறம் ஒரு நாள் தபால் வந்தது. 'நீராதாரம்: கிணறு 1. நிபுணர் குழு இதனை மிகுந்த அக்கறையுடன் பரிசீலித்து, சாலையின் பாதையை அறுபது மீட்டர் கிழக்கே மாற்றப் பரிந்துரைக்கிறது.'

காசிநாதன் சத்தம் போட்டுச் சிரித்தார். சைக்கிளை மிதித்துக்கொண்டுபோய் ஒரு கிலோ லட்டு வாங்கி வந்து, முதல் லட்டைத் தொட்டிக் குழாயடியில் நின்ற சாலம்மாளிடம்தான் கொடுத்தார்.

"பொழச்சிக்கிச்சா நம்ம கெணறு?" என்று அவள் கேட்டாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"பொழச்சிக்கிச்சு சாலம்மா. ஒண்ணுன்னு போட்டுட்டான்."

அறுபது மீட்டர் கிழக்கே என்ன இருக்கிறது என்று அந்த நேரத்தில் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. சந்தோஷத்தில் யாருக்குத் திசை தெரிகிறது.

மறுநாள் காலையில் சாலம்மாள் குடமில்லாமல் வந்தாள். "அண்ணா, எங்க வூட்டு வாசப்படிக்கு நேரா மஞ்ச பெயிண்டு அடிச்ச கல்ல நட்டுக்கினு கீறானுங்க. இன்னா சமாச்சாரம்னு கேட்டா, 'மேக்கால ஒரு கெணறு கீதாமே, அதைப் போயிக் கேளு'ன்றானுங்க."

காசிநாதன் ஓடினார். கரைமேட்டின் நடுவே கல் வரிசையாகப் போயிருந்தது. நாற்பது வீட்டில் ஒன்றுகூடத் தப்பவில்லை. ராணியம்மாள் மறுபடியும் சண்டை பிடித்து அறிக்கையை வாங்கி வந்து தேடினாள். கரைமேடு என்ற பேரே அதில் இல்லை. ஏரிப் புறம்போக்கு, பட்டா கிடையாது, ஆகவே வீடும் கிடையாது. மேலேயிருந்து எடுத்த படத்தில் கூரை மேல் படர்ந்த சுரைக்கொடியும் பூசணிக்கொடியும்தான் தெரிந்திருக்கின்றன. 'புதர், தரம் குறைந்தது' என்று எழுதியிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில், 'இதனை அகற்றுவதால் பாதிப்பு ஏதுமில்லை.'

சாலம்மாள் திட்டியிருந்தால் காசிநாதனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. "நீ வேணும்னா செஞ்ச? எங்களுக்குந்தான் பேசின," என்று மட்டும் சொன்னாள். அவருக்கு அந்த இடத்திலேயே விழுந்து செத்துவிடலாம்போல் இருந்தது.

"சார், கெணறு இல்லேன்னு எழுதிடுங்க சார்," என்று காசிநாதன் மறுபடியும் கல்யாண மண்டபத்து மாடியில் போய் நின்றார்.

பகலவன் முதல்முறையாக முகம் வாடினார். "என்ன காசிநாதன், எட்டு மாசமா கிணறு இருக்கு, இருக்குன்னு வந்தீங்க. நாங்களும் ஏத்துக்கிட்டோம். இப்ப இல்லேன்னா எப்படி? அரசாங்கப் பதிவை உங்க இஷ்டத்துக்கு மாத்த முடியுமா? கிணறு இருக்கு. அது உண்மை. உண்மைக்குப் பக்கபலமா நாங்க கடைசி வரைக்கும் நிப்போம்."

"நாப்பது வூடு போவுது சார்."

"புதர்னு இருக்கே. புதருக்கும் நாங்க சும்மா விடல. பத்து மடங்கு மரம் நடறோம், கல்வராயன் மலையில."

"அங்க ஏற்கெனவே மரந்தானே சார் இருக்குது?"

"அதனாலதான் அங்க நல்லா வரும்."

"மேக்கால எங்க நெலத்துக்கு அந்தாண்ட காலி எடமா கெடக்குதே சார், கொடி நட்டு. அது மேல போவக் கூடாதா?"

"அது மனைப் பிரிவு. இருநூத்தி நாப்பது மனை. ஒவ்வொண்ணும் முழு எண்."

"ஒரு வூடுகூட இல்லீங்களே அதுல?"

"இனிமேதான் வரும். வரப்போற சனங்களை மதிக்கத் தெரியணும். திட்டமிடல்னா அதுதான்."

"அப்ப நாங்க கெணத்தத் திரும்ப நாலாப் பிரிச்சி எழுதிக்கிறோம் சார். பழையபடி சைபர் ஆயிடுமில்ல?"

இதற்குச் செழியன் தலையை ஆட்டினார். "முன்னாடி அது நாலு கால். இப்ப ஒண்ணுன்னு ஏறிடுச்சு. ஏறினதைப் பிரிச்சா ஒவ்வொரு பங்கும் ஒண்ணுன்னுதான் காட்டும். நாலு கிணறு ஆயிடும். அப்ப பாதையை இன்னும் தள்ளணும், ஏரிக்குள்ளதான் போகும்."

காசிநாதன் தரையில் உட்கார்ந்துவிட்டார். நாற்காலி காலியாக இருந்திருந்தாலும் அவருக்கு அது தெரிந்திருக்காது. கும்பிட்டார். அழுதார். "எதனா ஒரு வழி சொல்லுங்க சார். நானே தப்புப் பண்ணிட்டேன் சார்."

பகலவன் எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டார். "வழி இருக்கு. வியாழக்கிழமை காலையில பத்து மணிக்கு நானே புலத்தணிக்கைக்கு வரேன். அங்க கிணறு கண்ணுக்குத் தெரியலேன்னா நீக்கிடலாம், பழைய பாதைக்கே போயிடலாம். ஒண்ணைச் சேக்கறதுக்குத்தான் ஆவணம் வேணும். நீக்கறதுக்குக் கண்ணு போதும்." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் உண்மையாகவே இரக்கம் இருந்தது.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

ராணியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "கெணத்தத் தூத்தினா ரோடு நம்ம மேல வரும். கெணறும் போச்சு, கரும்பும் போச்சு, நெலமும் போச்சு. சும்மா இருந்தா?"

"சும்மா இருந்தா நமக்கு எல்லாம் நிக்கும். அவங்க வூடுதான் போவும்."

"அப்புறம் அந்தத் தண்ணி நமக்குத் தொண்டையில எறங்குமா?" என்றாள் அவள். அவ்வளவுதான் அந்த வீட்டில் நடந்த விவாதம்.

சாலம்மாள்தான் வேண்டாம் என்றாள். "தூத்துட்டா எங்க போயி தண்ணி புடிப்போம்? வூடு போனா எங்க போயி படுப்போம்? தண்ணியா வூடான்னு கேக்குறான் பாரு, பாவி. ரெண்டும் இருந்தா இவனுக்கு இன்னா கொறஞ்சி பூடும்?" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மண்ணு அள்ள எத்தினி கூட வேணும்?" என்று கேட்டாள்.

புதன்கிழமை விடிந்ததும் தெய்வசிகாமணி வந்தார். "கற்பூரத்த அணைச்சியேடா!" என்றார்.

"அணைச்சேண்ணா."

"எங்க அப்பன் கையில கொப்புளத்தோட வெட்ன கெணறுடா இது."

"நாப்பது வூடுண்ணா."

"அவங்களுக்கு வேற எடம் குடுக்க மாட்டானா?"

"புதருக்கு எவண்ணா எடம் குடுப்பான்?"

தெய்வசிகாமணி வேட்டியை மடித்துக் கட்டினார். உள்ளே இறங்கித் தம் மோட்டாரைக் கழற்றினார். மற்ற இரண்டு பங்காளிகளின் மோட்டாரையும் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் காசிநாதனோடு பேசவேயில்லை.

ரிஷிவந்தியத்திலிருந்து ஜேசிபி வந்தது. ஓட்டுகிறவன் இறங்கி உள்ளே எட்டிப் பார்த்தான். "இன்னாங்க, தண்ணி கீதே? தோண்டத்தானே கூப்பிடுவாங்க எல்லாரும்?"

"மூடு," என்றார் காசிநாதன்.

அவன் இரண்டு தரம் கேட்டான். இரண்டு தரமும் அவர் அதையே சொன்னார். அதற்கு முன்னால் கரைமேட்டுச் சனங்கள் குடம், பக்கெட்டு, சோற்றுக் குண்டான், பெயிண்டு டப்பா என்று கைக்குக் கிடைத்ததிலெல்லாம் தண்ணீரை மொண்டு வைத்தார்கள். கிணறு வெட்டியபோது எடுத்த மண் பக்கத்திலேயே மேடாகக் கிடந்தது. ஜேசிபி அதைத்தான் உள்ளே தள்ளியது. சுற்றுச்சுவரையும் மோட்டார் கொட்டகையையும் இடித்துப் போட்டார்கள். முதல் மண் தண்ணீரில் விழுந்தபோது எழுந்த சத்தத்தைக் கேட்க முடியாமல் காசிநாதன் காதைப் பொத்திக்கொண்டார். எதற்கும் அழாத ராணியம்மாள், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். ஜேசிபி போன பிறகு மீதியைக் கூடையில் சுமந்து கொட்டினார்கள். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குத் தரை மட்டமாகிவிட்டது. காசிநாதன் கையாலேயே அதைத் தட்டித் தட்டிச் சமன் செய்துகொண்டிருந்தார். தொட்டியை மட்டும் இடிக்கவில்லை. தொட்டி நீராதாரத்தில் சேராது என்று ராணியம்மாள் அறிக்கையைப் பார்த்துச் சொல்லியிருந்தாள்.

பத்து மணிக்கு வருகிறேன் என்ற பகலவன் ஒன்றரை மணிக்கு வந்தார். செழியனும் வந்தார். பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. கரைமேட்டுச் சனமெல்லாம் வரப்பில் நின்றது. அதிகாரிகள் இருவரும் நிலத்தின் நடுவே நடந்துபோனார்கள். புது மண்ணில் செழியனின் ஷூ பாதி புதைந்தது. தூக்கிப் பார்த்தார், சேறு.

"இங்க மட்டும் ஏன் இவ்வளவு ஈரமா இருக்கு?"

மூடியும் அடங்காமல் அடியிலிருந்து தண்ணீர் மேலே வந்துகொண்டிருந்தது.

"மழைங்க," என்றாள் சாலம்மாள்.

பொங்கலுக்கு அப்புறம் அந்தப் பக்கம் ஒரு தூறல்கூட விழவில்லை. பகலவன் வானத்தைப் பார்க்கவில்லை, காகிதத்தைப் பார்த்தார். எழுதினார். ராணியம்மாள் எட்டி நின்று படித்தாள். 'நீராதாரம்: இல்லை. போதிய மழைவளம் உள்ள பகுதி.'

"பாத்தீங்களா, நாங்க முதல்ல எழுதினதுதான் சரி," என்றார் பகலவன். "வீணா எட்டு மாசம் அலைஞ்சீங்க. கரைமேட்டுக் கல்லை நாளைக்கே எடுத்துடச் சொல்றேன். இங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

'இந்தப் புல எண்ணில் கிணறு ஏதும் எக்காலத்திலும் இருந்ததில்லை என உறுதி கூறுகிறேன்' என்று அச்சடித்திருந்தது. காசிநாதன் பேனாவுக்குக் கையை நீட்டினார். முழங்கை வரைக்கும் சேறு.

"ஐயையோ, பேப்பர்ல படக்கூடாது. அது சென்னைக்குப் போற காகிதம்," என்றார் செழியன். "கையைக் கழுவிட்டு வந்து போடுங்க."

காசிநாதன் தலையாட்டிவிட்டு நடந்தார். எத்தனையோ வருஷப் பழக்கம், கால் தானாகத் தொட்டிக்குப் போயிற்று. குனிந்து குழாயைத் திருகினார். காற்றுதான் வந்தது. இரண்டு கையையும் குழாய்க்கு அடியில் ஏந்திக்கொண்டு நின்றார். வரப்பில் இருந்த நாற்பது வீட்டுச் சனமும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"சீக்கிரம் வாங்க," என்று பகலவன் கூப்பிட்டார். "இன்னிக்கு இன்னும் மூணு கிணறு பாக்க வேண்டியிருக்கு."